மாற்றங்கள் செய்த பழைய வண்டி: விலை மதிப்பது எப்படி?

கடைக்கு ஒரு வண்டி வேண்டும் என்ற எண்ணம் இன்று சிறு மளிகைக் கடைக்காரர் பலருக்கும் இருக்கிறது. வீட்டுக்கே சரக்கைக் கொண்டு போய்க் கொடுத்தால்தான் வாடிக்கையாளர் நம்மிடம் நிற்கிறார். புது வண்டிக்கு முதல் போதாது. ஆகவே பழைய வண்டியைத் தேடுகிறோம். அப்படித் தேடும்போது முதலில் கண்ணில் படுவது, முன்பு வைத்திருந்தவர் தன் விருப்பம்போல் பலவற்றை மாற்றியும் சேர்த்தும் பளபளவென்று வைத்திருக்கும் வண்டிதான். அதை எப்படி விலை மதிப்பது என்பது பற்றிச் சில விவரங்களை எழுதுகிறேன். இதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னிடம் பல வருடமாகச் சரக்கு எடுக்கும் கடைக்காரர் ஒருவர். வயதில் சிறியவர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். 2015-ம் வருட மாருதி ஆம்னி ஒன்று விலைக்கு வந்திருப்பதாகச் சொல்லி, "அண்ணாச்சி, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொன்னாப் போதும்" என்று என்னை அழைத்துப் போனார். விற்பவர் கேட்டது 2,10,000 ரூபாய். கேஸ் கிட்டுக்கு இவ்வளவு, அலாய் வீலுக்கு இவ்வளவு, பாட்டுப் பெட்டிக்கு இவ்வளவு, புதுப் பெயிண்டுக்கு இவ்வளவு என்று பில் இல்லாமலே வாயால் கணக்குச் சொன்னார். நான் இன்ஜின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு, "நல்ல வண்டிதான்" என்று தலையாட்டினேன். 2,05,000 ரூபாய்க்கு முடிந்தது.

பத்து மாதம் கழித்து மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய அவசரம். வண்டியை விற்கப் போனார். நான்கு பேர் வந்து பார்த்தார்கள். கடைசியில் அதிகம் கேட்டவர் கேட்டது 1,20,000 ரூபாய். வேறு வழியின்றிக் கொடுத்தார். பத்து மாத உபயோகத்துக்குப் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ கழிவது நியாயம். 85,000 ரூபாய் போனது நியாயமில்லை. அந்தப் பணம் என் பேரேட்டில்தான் அவர் பெயரில் நிலுவையாக வந்து நின்றது.

பிறகு ஒரு மெக்கானிக்கை வைத்துக்கொண்டு, நாங்கள் எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கே இந்தக் கட்டுரை.

மாற்றம் செய்யாத வண்டியின் விலையே அடிப்படை

விற்பவர் செலவழித்த தொகை அவருடைய செலவு. அது வண்டியின் மதிப்பு ஆகாது. நாம் பத்து ரூபாய்ப் பருப்பை வெள்ளித்தாளில் கட்டினால் அது இருபது ரூபாய்ப் பருப்பு ஆகிவிடுமா? ஆகவே முதல் வேலை, அதே மாடல், அதே வருடம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய, எந்த மாற்றமும் செய்யாத வண்டி நம் ஊரில் என்ன விலைக்குப் போகிறது என்று மூன்று இடங்களில் விசாரிப்பது. ஒரு பழைய வண்டி வியாபாரி, ஒரு புரோக்கர், அண்மையில் விற்ற ஒருவர் ஆகிய மூவரும் சொல்லும் விலைகளின் நடு விலையை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு வருடத்துக்கு முந்திய விலையை மனதில் வைத்துப் பேச வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியின் விலை இறங்கும்போது பழையதும் இறங்கத்தான் வேண்டும். மேலும், ஆம்னி உற்பத்தி 2019-லேயே நின்றுவிட்டது.

மாற்றங்களை மூன்றாகப் பிரியுங்கள்

முதலாவது, விலை கூட்டத் தக்கவை. புது டயர், புது பேட்டரி போன்றவை நாமும் எப்படியும் வாங்க வேண்டியவை. ஆகவே மீதமுள்ள ஆயுளுக்கு ஏற்ப ஒரு தொகை கொடுக்கலாம். அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட், உரிமம் உள்ள இடத்தில் பொருத்தி, ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பதிவும் ஆகியிருந்தால் அதற்கும் கொடுக்கலாம். சி.என்.ஜி. சிலிண்டராக இருந்தால் மூன்று வருடத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அந்தச் சான்றையும் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரு பைசாவும் கூட்டக் கூடாதவை. பாட்டுப் பெட்டி, சீட் கவர், ஸ்டிக்கர், அலங்கார விளக்கு, அலாய் வீல் எல்லாம் இந்த வகை. ஒருவர் ரசனைக்கு இன்னொருவர் விலை கொடுக்க வேண்டியதில்லை. புதுப் பெயிண்ட் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள். துருவை மறைக்கவும் மோதிய இடத்தை மறைக்கவும் பெயிண்டைவிட மலிவான வழி கிடையாது. நிறம் மாறியிருந்தால் ஆர்.சி.யிலும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, விலையைக் குறைக்க வேண்டியவை. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். கம்பெனி கொடுத்த வயரிங்கை வெட்டி இணைத்தது, சீட்டைக் கழற்றியது, முன்னால் கம்பி பம்பர் வைத்தது, அளவுக்கு மீறிய டயர், கூடுதல் ஸ்பிரிங் பட்டை ஆகியவற்றைப் பழையபடி ஆக்க என்ன செலவாகுமோ அதை அடிப்படை விலையில் கழிக்க வேண்டும். கம்பி பம்பருக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை விதித்துவிட்டது.

ஸ்பிரிங் பட்டை பற்றி ஒரு வார்த்தை. ஆம்னியின் பின் அச்சில் பட்டை ஸ்பிரிங்தான். அதில் கூடுதலாக ஒன்றைச் சேர்த்திருந்தால், அந்த வண்டி அளவுக்கு மீறிப் பாரம் சுமந்தது என்று அர்த்தம். விற்பவர் அதைப் பலம் என்பார். அது வண்டி பட்ட பாட்டுக்குச் சாட்சி. உடனே கீழே குனிந்து, ஸ்பிரிங் பொருந்தும் இடங்களில் வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். பின் தளத்து விரிப்பையும் தூக்கிப் பாருங்கள். உப்பு மூட்டை ஏற்றிய வண்டியின் தகரம் என்ன ஆகும் என்று மளிகைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. தம்பி வாங்கிய வண்டியில் விரிப்புக்கு அடியில் விரல் நுழையும் ஓட்டை இரண்டு இருந்தன. நான் அன்று விரிப்பைத் தூக்கவே இல்லை.

ஆர்.சி. சொல்வதும் வண்டி சொல்வதும் ஒன்றாக வேண்டும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. அன்று மாற்றியவர் யாராக இருந்தாலும், சோதனையில் வண்டியோடு நிற்பவர் நாம்தான்.

நம்மவர் பலர் செய்யும் இன்னொரு தவறு: ஆட்கள் செல்லப் பதிவான வெள்ளை போர்டு வண்டியின் பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றுவது. வியாபாரச் சரக்குக்குச் சரக்கு வண்டியாகப் பதிவான மஞ்சள் போர்டு வேண்டும். அதற்கு எப்.சி. பார்க்கும் செலவு உண்டு; ஆனால் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. விபத்து நேர்ந்தால், வெள்ளை போர்டில் சரக்கு ஏற்றியதும் பதிவில்லாத கேஸ் கிட்டும் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கக் காரணமாகலாம்.

எங்கள் கணக்கு

மாற்றம் செய்யாத அதே வருட வண்டியின் விலை 1,60,000 ரூபாய். பாதி தேய்ந்த டயர்களுக்குக் கூட்டியது 5,000. பாட்டுப் பெட்டி, அலாய் வீல், பெயிண்டுக்கு ஒன்றுமில்லை. கழித்தவை: சீட் திரும்பப் போட 12,000, தளம் வெல்டிங், டிங்கரிங் 10,000, ஸ்பிரிங் வேலை 7,000, வயரிங் 5,000, பில்லும் பதிவும் இல்லாத கேஸ் கிட்டைக் கழற்ற 4,000, பம்பர் கழற்ற 1,000. ஆகக் கழிவு 39,000. நியாயமான விலை 1,26,000 ரூபாய். நாங்கள் கொடுத்தது 2,05,000. அதாவது வாங்கிய அன்றே 79,000 ரூபாய் நஷ்டம். அது பத்து மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இந்தக் கூலிகள் எங்கள் ஊர் விலை. உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம் கொடுக்கும் முன்

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர், எரிபொருள், இன்ஷூரன்ஸ் தேதி ஆகியவற்றைப் பாருங்கள். அபராதச் சலான் பாக்கி உண்டா என்றும் பாருங்கள். பைனான்ஸ் இருந்திருந்தால் படிவம் 35-ம் தடையில்லாச் சான்றும் வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தான அன்றே பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். விற்பவருக்கும் இது முக்கியம். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் உள்ளவரே நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. இன்ஷூரன்சையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள நம் கடைக் கணக்கில் இருக்கும் வண்டியை விற்றால், 2025 ஜனவரி முதல் லாபப் பகுதிக்கு 18 சதவீத வரி உண்டு. உள்ளீட்டு வரி எடுத்த வண்டிக்குக் கணக்கு வேறு. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்கக் குத்தூசி போட்டுப் பார்க்கிறோம். கையில் எடுத்துத் தேய்த்து, மோந்து பார்க்கிறோம். இரண்டு லட்ச ரூபாய் வண்டிக்கு விரிப்பைத் தூக்கிப் பார்க்கச் சோம்பல்படலாமா? விலை பேசும்போதே, "நாளைக்கு இதை நான் யாரிடம், என்ன விலைக்கு விற்பேன்?" என்று ஒரு முறை நம்மையே கேட்டுக்கொண்டால் பாதி ஏமாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

தம்பி இப்போது வாரம் 2,000 ரூபாயாக நிலுவையை அடைத்து வருகிறார். வட்டி எதுவும் நான் போடவில்லை. அந்த நஷ்டத்தில் என் தலையாட்டலுக்கும் பங்கு உண்டு அல்லவா?