இரண்டு திராட்சை, ஒரு புட்டி

ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போ அருகே தள்ளுவண்டியில் கறுப்புத் திராட்சை குவிந்திருந்தது. "கம்பம் பன்னீர் திராட்சை அம்மா, வாயில் போட்டால் கரையும்!" என்றார் வண்டிக்காரர். ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், பெங்களூரிலிருந்து தம்பி மகன் வந்து உட்கார்ந்திருந்தான்.

"அத்தை, நந்தி மலைப் பக்கம் ஒயின் தோட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். சிவப்பு ஒயின் இருதயத்துக்கு நல்லதாமே? அப்பாவுக்கு ஒரு புட்டி வாங்கிக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்" என்றான்.

என் தம்பி போன வருஷம்தான் நெஞ்சுவலி வந்து பிழைத்தவன். எனக்குத் திக்கென்றது. "முதலில் அதில் என்ன இருக்கிறது, சொல்லடா" என்றேன்.

பையன் விஷயம் தெரிந்தவன்தான். பம்பாய் வியாபாரி கன்வல் குரோவர், பிரெஞ்சு நிபுணர் ஜார்ஜ் வெசலின் துணையோடு நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சு ஜாதிக் கொடிகளை வளர்த்தாராம். 1988-ல் கம்பெனி ஆரம்பமாயிற்று. 1992-ல் முதல் ஒயின் வெளிவந்தது. கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரம். பகலில் வெயில், இரவில் குளிர்ச்சி. கொடிக்கு அது பிடித்துப் போயிற்று.

அங்கே தயாராகும் 'லா ரிசர்வ்' என்ற சிவப்பு ஒயின் ஒரு கலவை. கேபர்நே சாவினியோன், ஷிராஸ் என்ற இரண்டு கறுப்புத் திராட்சைகள் அதில் சேருகின்றன.

"எதற்காகக் கலக்க வேண்டும்?" என்றேன்.

"நீங்கள் காப்பிப்பொடி வாங்கும்போது பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி என்று ஏன் சொல்கிறீர்கள், அத்தை?" என்று மடக்கினான். கேபர்நேக்குத் தடித்த தோல். துவர்ப்பும் அழுத்தமும் அது தரும். ஷிராஸ், பழ ருசியையும் மிளகு வாசனையையும் தரும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் கிடந்து துவர்ப்பு அடங்கும்.

நம் கம்பம் திராட்சை வேறு ரகம். மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஒன்றை நசுக்கிப் பாருங்கள்: தோல்தான் கறுப்பு, உள்ளே சாறு வெளுப்பு! ஒயினுக்குச் சிவப்பு வருவதும் தோலிலிருந்துதான். தோலோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள்.

ஆட்டுக்கறி வறுவல், பாலாடைக்கட்டி, காளான் போன்றவற்றோடு இதைப் பரிமாறுவார்களாம். இறைச்சியின் கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும். நம்முடைய காரக் குழம்போடு சேராது. மிளகாயின் எரிச்சலை மது இன்னும் கிளப்பிவிடும்.

"எல்லாம் சரி. மது எவ்வளவு?" என்றேன்.

"நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினாலு பங்கு" என்றான், குரல் கொஞ்சம் இறங்க.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. திராட்சைத் தோலில் நல்ல சத்து உண்டு என்பதை வைத்துக் கிளம்பிய பேச்சு இது. ஆனால் எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பத்திரமென்று சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் சில மாத்திரைகளோடு மது சேர்ந்தால் ஆபத்தும் உண்டு. "வீட்டிலேயே செய்கிறேன்" என்று யாராவது கிளம்பினால், தமிழ்நாட்டில் அனுமதியின்றி மது தயாரிப்பது குற்றம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"ருசிக்காகக் குடிக்கிறவர்கள் ருசிக்கென்று சொல்லிக் குடிக்கட்டும். மருந்து என்று சொல்லி உன் அப்பாவிடம் நீட்டாதே. டாக்டரைக் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம்" என்றேன்.

பையன் தலையாட்டினான். கழுவி வைத்த பன்னீர் திராட்சையில் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, "அப்பாவுக்கு இதில் கொஞ்சம் கட்டிக் கொடுங்கள், அத்தை" என்றான்.

அரைக் கிலோவாகவே கட்டிக் கொடுத்தேன்.