முகம் ஒத்துப்போச்சா? அப்போ நீதான்!

பெரம்பலூர் பஸ் நிலையம். கடைசி பஸ்சுக்கு நிற்கிறீர்கள். ரோந்து போலீஸ்காரர் வருகிறார். "எந்த ஊருப்பா?" என்கிறார். செல்போனை நீட்டிப் படம் பிடிக்கிறார்.

உங்கள் முகம் பழைய குற்றவாளிகளின் போட்டோக்களோடு ஒத்துப் பார்க்கப்படும். 2021 அக்டோபரில் இருந்து தமிழ்நாடு போலீசில் இந்த வசதி இருக்கிறது. தயாரித்தது கொல்கத்தா சி-டாக், மத்திய அரசு நிறுவனம்.

நல்ல வசதிதான். காணாமல் போன குழந்தையைத் தேடலாம். செயின் அறுத்தவனைப் பிடிக்கலாம். ஆள் மாறிப் போனால்?

80 சதவீத ஜாடை

மெஷின் "இவன்தான்" என்று சொல்லாது. எத்தனை சதவீதம் ஜாடை என்றுதான் சொல்லும். 80 சதவீதத்துக்கு மேல் போனால் ஆள் அகப்பட்டதாக டெல்லி போலீசார் கணக்கு வைத்தார்கள். 2022-ல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது அவர்களே சொன்னது. நம் ஊரில் அண்ணன் தம்பிக்கே அவ்வளவு ஜாடை இருக்குமே!

அந்த டெல்லி மெஷினுக்கு ஆண் பிள்ளை, பெண் பிள்ளை வித்தியாசமே தெரியவில்லை என்று 2019-ல் மத்திய அரசே ஐகோர்ட்டில் கூறியது.

கறுப்பு என்றால் தடுமாற்றம்

2018-ல் அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற 2 பெண்கள் 3 கம்பெனி மெஷின்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா, பெண்ணா என்று சொல்ல வேண்டும். வெள்ளை நிற ஆண்களிடம் தப்பு 1 சதவீதத்துக்குள். கறுத்த பெண்களிடம் 35 சதவீதம் வரை! பழக்கிய படங்களில் வெள்ளை முகங்களே அதிகம். செட்டிகுளம் வெங்காயக் காட்டில் வெயிலில் கறுத்த முகத்தை அது எங்கே பார்த்தது?

டெட்ராய்ட் நகர் அருகே 2020 ஜனவரியில் கறுப்பர் ஒருவரை, பெண்டாட்டி பிள்ளைகள் கண்ணெதிரே விலங்கு மாட்டிக் கொண்டு போனார்கள். கடிகாரம் திருடினாராம். எல்லாம் மெஷின் சொன்ன பொய்! ஏறக்குறைய 30 மணி நேரம் உள்ளே இருந்தார். வழக்குப் போட்டார். மெஷினை மட்டும் நம்பிக் கைது செய்யமாட்டோம் என்று 2024-ல் அந்த ஊர் போலீஸ் ஒப்புக்கொண்டது.

இங்கே?

கைதானவர்களின் அளவுகளை எடுக்க 2022-ல் ஒரு சட்டம் வந்தது. பஸ்சுக்கு நிற்பவர் கைதானவரா? எடுத்த படத்துக்கும் பத்திரம் இல்லை. 2024 மே மாதம் தமிழ்நாட்டு மெஷினிலேயே திருடர்கள் புகுந்து விவரங்களை அள்ளினார்கள்.

ஐதராபாத்தில் ஒருவர் சும்மா இருக்கவில்லை. 2021-ல் வழிமறித்த போலீசார் கொரோனா மாஸ்க்கைக் கழற்றச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். அப்படியும் படம் எடுத்தார்கள். கோர்ட்டுக்குப் போனார். 2022 ஜனவரியில் தெலுங்கானா ஐகோர்ட் அரசுக்கு நோட்டீஸ் விட்டது.

எந்தச் சட்டத்தில் என்னைப் படம் எடுத்தீர்கள் என்பதுதான் அவர் கேள்வி.