யாருக்கு முதலில்?

தம்பி, டீயைக் குடித்துக்கொண்டே கேள். ஹைடெக் சிட்டியில் உன் கம்பெனியில் பிஎம்ஓ (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் ஆபீஸ்) அமைக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம், ரிப்போர்ட் எப்படி இருக்கலாம் என்று கேட்கிறாய். அதெல்லாம் பிறகு. முதலில் இதே ஹைதராபாத்தில், காஞ்சன்பாக்கில் நடந்ததைச் சொல்கிறேன்.

1982 ஜூனில் அப்துல் கலாம் டிஆர்டிஎல் ஏவுகணை ஆய்வகத்தின் இயக்குநராக அங்கே வந்தார். டெவில் என்ற ஏவுகணைத் திட்டம் கைவிடப்பட்டு, ஆட்கள் சோர்ந்திருந்த நேரம். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யலாம் என்ற யோசனையோடு டெல்லிக்குப் போனார்கள். எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்துச் செய்யுங்கள் என்றார் பாதுகாப்பு அமைச்சர் ஆர். வெங்கட்ராமன். 1983இல் 388 கோடி ரூபாயில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் பிறந்தது. பிருத்வி, திரிசூல், ஆகாஷ், நாக், அக்னி என்று ஐந்து. ஐந்துக்கும் தனித்தனித் திட்ட இயக்குநர்கள்.

இயக்குநர்கள் ஐந்து பேர். அவர்கள் போய் நிற்க வேண்டிய தொழில்நுட்பப் பிரிவுகளோ பொது. உந்துவிசைப் பிரிவின் வாசலில் பிருத்வியும் அக்னியும் ஒரே வாரத்தில் வந்து நின்றால் யாருக்கு முதலில்? இருவரும் கேட்கும் தேதி நியாயம்தான். அவர்களுக்குள் பேசித் தீராது. அதனால்தான் ஒவ்வொரு ஏவுகணைக்கும் ஒரு மேலாண்மைக் குழு, மொத்தத் திட்டத்துக்கும் மேலே ஒரு குழு என்று அமைத்தார்கள். பிஎம்ஓவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பொதுவான ஆளும் கருவியும் யாருக்கு, எப்போது என்று முடிவாகும் இடம் அது.

உன் கம்பெனியில் அந்த வாசல் டெஸ்டிங் டீம். எட்டு புராஜெக்ட்டும் அங்கேதான் நிற்கின்றன என்று நீயே சொன்னாய். அப்படியென்றால் ஒரு எக்ஸெல் தாள் போதும். அதில் நான்கு கட்டங்கள்: யார் காத்திருக்கிறார், யாருக்காக, எந்தத் தேதியிலிருந்து, முடிவு சொல்ல வேண்டியவர் யார். அந்தக் கடைசிக் கட்டத்தில் எம்.டி. பெயர் உள்ள வரிகளை வாரம் ஒருமுறை அவர் முன்னால் வைத்துப் பதில் வாங்கும் உரிமை உனக்கு வேண்டும். அதை எழுத்தில் கேட்டு வாங்கு. அது இல்லாத பிஎம்ஓ, ரிப்போர்ட் கேட்டுக் கேட்டு வேலை செய்பவர்களின் நேரத்தைத் தின்னும்.

இன்னொன்று. 1989 ஏப்ரல் 20 அன்று அக்னி கிளம்ப 14 நொடி இருக்கும்போது கணினி நிறுத்தச் சொன்னது, நிறுத்தினார்கள். மே 1ஆம் தேதியும் தள்ளிப்போனது. பத்திரிகைகள் கேலி செய்தன. மே 22இல் பறந்தது. நிறுத்து என்ற கெட்ட செய்தியை அங்கே மதித்தார்கள். உன் ஆபீஸில் ஒருவர் தன் வேலை சிவப்பில் இருக்கிறது என்று சொன்னதும் மீட்டிங்கில் அவரை வறுத்தெடுத்தால், அடுத்த வாரம் எல்லோரும் பச்சை காட்டுவார்கள். கெட்ட செய்தி டெலிவரிக்கு முந்தின நாள்தான் உன் காதுக்கு வரும்.

அமைப்பு சரியென்றால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நம்பாதே. அதே ஐந்தில் நாக் சோதனைகள் 2020 வரை நீண்டன. திரிசூல் படையில் சேரவே இல்லை. தொழில்நுட்பம் கைகூடாத இடத்தில், தாமதத்தைச் சீக்கிரம் கண்டுபிடித்துச் சொல்ல மட்டுமே உன்னால் முடியும். அதனால் திங்கட்கிழமை நேராக டெஸ்டிங் லீடிடம் போய், அவர் மேஜையில் காத்திருக்கும் வேலைகளை முதலில் எழுதி வாங்கு.