சினிமா நம்பருக்கு யார் சொந்தக்காரர்?

2024 தீபாவளிக்கு வந்த ‘அமரன்’ படத்தில், கதாநாயகி தன் போன் நம்பரை எழுதிய காகிதத்தைக் கதாநாயகனிடம் சேர்ப்பதாக ஒரு காட்சி. நம்பர் திரையில் படிக்கிற மாதிரியே தெரிந்தது. தியேட்டரை விட்டு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? போட்டுப் பார்த்தார்கள். எதிர்முனையில் எடுத்தது கதாநாயகியாக நடித்த சாய் பல்லவி அல்ல, சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கும் ஒரு மாணவர். அது அவர் பயன்படுத்திக்கொண்டிருந்த சொந்த நம்பர். அழைப்பு ஓய்வதாக இல்லை. 1.1 கோடி ரூபாய் நஷ்டஈடு கேட்டுப் படக்குழுவுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், உயர் நீதிமன்றம் வரைக்கும் போனார். படத்தில் அந்த நம்பரை மறைத்தார்கள்.

செய்தியைப் படித்தவர்கள் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு பொய் நம்பரைப் போட்டுத் தொலைத்திருக்கலாமே? கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு டீ சொல்லிவிட்டு உட்காருங்கள், பொய் நம்பர் என்பது எவ்வளவு அரிய சரக்கு என்று பார்ப்போம்.

நம் நாட்டில் செல்போன் நம்பர் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்று. மீதி ஒன்பது இடத்தில் எது வேண்டுமானாலும் வரலாம். கணக்குப் போட்டால் மொத்தம் 400 கோடி நம்பர். இதில் ஏறக்குறைய 115 கோடி இணைப்புகள் இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கின்றன. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு நூறு நம்பர் எழுதினால், அதில் முப்பது வரை யாரோ ஒருவர் பையில் மணி அடிக்கும். உண்மை நிலவரம் இதைவிட மோசம். செட்டில் இருக்கும் உதவி இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டார். பார்ப்பதற்கு நம்பர் மாதிரி இருக்க வேண்டும் என்று 98 என்றோ 99 என்றோ ஆரம்பிப்பார். பழைய வரிசைகள் அவை. ஆள் நெருக்கம் அதிகமான பேட்டை.

சரி, எழுதிய நம்பருக்கு ஒருமுறை போன் போட்டுப் பார்த்துக்கொள்ளலாமே? “இந்த எண் உபயோகத்தில் இல்லை” என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால் நிம்மதிதானே? இல்லை. ஒருவர் விட்டுவிட்ட நம்பரைக் கம்பெனி நிரந்தரமாகப் பூட்டி வைப்பதில்லை. குறைந்தது 90 நாள் ஆறப்போட்டுவிட்டு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். படப்பிடிப்பு நடக்கும்போது காலியாக இருந்த நம்பர், படம் ரிலீசாகும்போது தூத்துக்குடியில் யாரோ ஒரு புதுப்பெண்ணின் கையில் இருக்கலாம். படமோ தியேட்டர், டிவி, ஓடிடி என்று வருஷக்கணக்கில் ஓடும்.

நம்பரை உண்டாக்குகிறவரும் ஒதுக்குகிறவரும் மனது வைத்தால் மட்டுமே ஒரு நம்பர் நிரந்தரமாகக் காலியாக இருக்கும். படம் எடுக்கிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அது அவர் கையில் இல்லை.

அமெரிக்காவில் சினிமாவுக்கு அப்படி ஒரு காலி மனை கிடைத்தது: 555 என்று தொடங்கும் நம்பர்கள். அது திட்டம் போட்டுக் கிடைத்ததல்ல. அதன் கதை விரலால் சுழற்றுகிற பழைய போனில் ஆரம்பிக்கிறது. அந்த டயலில் 2 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணோடும் மூன்று ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். 2க்கு ஏ, பி, சி. 3க்கு டி, ஈ, எஃப். இப்படியே வந்தால் 5க்கு ஜே, கே, எல். அங்கே அப்போது எக்ஸ்சேஞ்சுக்கு எண் சொல்ல மாட்டார்கள், பெயர் சொல்வார்கள். பெயரின் முதல் இரண்டு எழுத்தைச் சுழற்றிவிட்டு மீதி ஐந்து எண்ணைச் சுழற்ற வேண்டும். நியூயார்க்கில் பென்சில்வேனியா ஓட்டலுக்குப் போன் போட வேண்டுமானால் ‘பென்சில்வேனியா 6-5000’. முதல் எழுத்து பி, அது 7. அடுத்தது ஈ, அது 3. ஆக 736-5000. கிளென் மில்லரின் இசைக்குழு 1940இல் இந்த நம்பரையே பாட்டாக்கி இசைத்தட்டாக வெளியிட்டது. ஓட்டலுக்குக் காசு செலவில்லாத விளம்பரம். நிஜ நம்பர் பிரபலமானதில் சந்தோஷப்பட்ட சொந்தக்காரர் என்று இந்தக் கதை முழுக்கத் தேடினாலும் அந்த ஓட்டலைப் போல இன்னொருவர் கிடைப்பது கஷ்டம்.

இப்போது 55 என்று தொடங்கும் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு பெயர் வையுங்கள் பார்ப்போம். முதல் இரண்டு எழுத்தும் ஜே, கே, எல் மூன்றுக்குள்ளேயே வர வேண்டும். மூன்றில் ஒன்றுகூட உயிரெழுத்து இல்லை. மொத்தம் ஒன்பது ஜோடி. ஜேஜே, ஜேகே, ஜேஎல் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள், ஆங்கிலக்காரர் வாயில் நுழைகிற சொல்லாகக் ‘கேஎல்’ ஒன்றுதான் தேறும். அதற்கும் கனடாவில் தங்கம் தேடி ஜனம் ஓடிய கிளாண்டைக்கைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பெயர் வைக்க முடியாததால் அந்தப் பக்கம் எக்ஸ்சேஞ்சுகள் பெருகவில்லை. டெலிபோன் விசாரணைக்கான 555-1212 போன்ற கம்பெனியின் சொந்த வேலைகளுக்குப் பயன்பட்டது போக, மீதியெல்லாம் ஊர்ப் புறம்போக்காகக் கிடந்தது.

அந்தப் புறம்போக்கில்தான் ஹாலிவுட் குடிசை போட்டது. பழைய படங்களில் பாத்திரங்கள் ‘கிளாண்டைக் 5’ என்று நம்பர் சொல்வார்கள். எழுத்துகள் மறைந்து எல்லாம் எண்ணாக மாறியபோது அது 555 ஆனது. டெலிபோன் கம்பெனிகளே “இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்” என்று படக்காரர்களைத் தூண்டின. தொல்லை வந்தால் சந்தாதாரர் முதலில் திட்டுவது கம்பெனியைத்தானே. 1984இல் வந்த ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்தில் பேய் விரட்டுகிறவர்கள் கொடுக்கும் டிவி விளம்பரத்தில் 555-2368 என்று இருக்கும். 1970களின் ‘ராக்ஃபோர்ட் ஃபைல்ஸ்’ தொடரில் துப்பறிவாளரின் நம்பரும் அதேதான். ஒரே நம்பரில் துப்பறிவாளரும் பேயோட்டியும்!

இதற்கு ஒரு விலை உண்டு. 555 என்று காதில் விழுந்ததும், “ஓ, சினிமா” என்று அமெரிக்கப் பார்வையாளர் சுதாரித்துக்கொள்கிறார். 1993இல் வந்த அர்னால்டு ஷ்வார்ஸ்நேக்கரின் ‘லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ’ இதையே நகைச்சுவையாக்கியது. சினிமாவுக்குள் போய் விழும் பையன், இங்கே எல்லோருக்கும் 555 நம்பராகவே இருக்கிறதே, இது நிஜ ஊரே இல்லை என்று கதாநாயகனிடம் வாதாடுவான். கதாநாயகன் அசர மாட்டார். ஏரியா கோடு எதற்கு இருக்கிறதாம் என்று திருப்பிக் கேட்பார்.

1990களில் புறம்போக்குக்கும் பட்டா கொடுக்க ஆரம்பித்தார்கள். தகவல் சேவைகளுக்காக 555 நம்பர்களைக் கம்பெனிகளுக்கு ஒதுக்கலாம் என்று முடிவாயிற்று. கற்பனைக்கென்று பிடிவாதமாக விட்டுவைத்தது 555-0100 முதல் 555-0199 வரை நூறு நம்பர் மட்டும். பேய் விரட்டுகிறவர்களின் பழைய நம்பர் அந்த வேலிக்குள் இல்லை.

555 பிடிக்காத இயக்குநர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு 2003இன் ‘புரூஸ் ஆல்மைட்டி’ நல்ல உதாரணம். ஜிம் கேரியின் பேஜரில் கடவுளின் நம்பர் வந்துகொண்டே இருக்கும். ஏழு இலக்கம், முன்னால் ஏரியா கோடு இல்லை. கோடு இல்லையே, யாருக்கும் போகாது என்று நினைத்தார்களோ என்னவோ. நடந்தது நேர் எதிர். கோடு இல்லாத நம்பர் யாருடையதும் அல்ல என்று ஆகாது. ஒவ்வொரு கோட்டிலும் ஒருவருடையது என்றாகும். படம் பார்த்தவர்கள் அவரவர் ஊரிலிருந்தே அந்த ஏழு இலக்கத்தைப் போட, ஊர் ஊராக அப்பாவிகள் கடவுளானார்கள். வட கரோலினாவில் ஒரு தேவாலயத்துக்கே அந்த அழைப்புகள் போயின. வீட்டில் பார்க்கும் பதிப்பு வந்தபோது கடவுள் ஒழுங்காக 555-0123க்குக் குடிபெயர்ந்திருந்தார். பழைய நம்பரை இங்கே எழுதாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதே தவறைக் கொரியாவில் இன்னும் பெரிய அளவில் செய்தார்கள். 2021இல் நெட்ஃபிளிக்ஸில் ‘ஸ்குவிட் கேம்’ தொடர். ஆட்டத்துக்கு அழைக்கும் அட்டையின் பின்பக்கம் எட்டு இலக்கம். கொரிய செல்போன் நம்பர் பதினொரு இலக்கம் என்பதால் மூன்று குறைகிறது, பாதுகாப்புதானே என்று தோன்றும். ஆனால் அங்கே செல்போன் நம்பர்களின் முதல் மூன்று இலக்கம் 010தான். நம் ஊர் +91 மாதிரி, விட்டாலும் எல்லோருக்கும் தெரியும். எட்டைத் தட்டினால் மீதியைப் போனே சேர்த்துக்கொண்டது. அந்த நம்பரை வைத்திருந்தவருக்கு ராப்பகலாக ஆயிரக்கணக்கில் அழைப்பும் குறுஞ்செய்தியும் வந்தன, ‘ஆட்டத்தில் சேர வேண்டும்’ என்று. ஹோ கியோங்-யோங் என்ற அரசியல்வாதி, அப்போது அதிபர் தேர்தலுக்கு நின்றவர், அந்த நம்பரை 10 கோடி வோனுக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பினார். கடைசியில் தயாரிப்புக் குழுவும் நெட்ஃபிளிக்ஸும் காட்சிகளைத் திருத்தின. இத்தனைக்கும் கொரியத் திரைப்படக் கவுன்சில், திரைக்கென்றே சில நம்பர்களைத் தன் பெயரில் வாங்கிவைத்துப் படக்காரர்களுக்குத் தருகிறது!

கடைசி ஒரு இலக்கத்தை விரலால் மறைப்பது, காகிதத்தை மடிப்பது போன்ற நம் ஊர் உபாயங்களையும் இதோடு வைத்துப் பாருங்கள். ஒரு இலக்கம் மறைந்தால் மீதம் பத்தே நம்பர். விடலைப் பையன் பத்தையும் போட்டுப் பார்க்க அரை மணி நேரம் ஆகாது. தொல்லை ஒருவருக்குப் பதிலாகப் பத்துப் பேருக்கு.

பிரிட்டிஷ்காரர்கள் இதை அரசாங்கக் கோப்பாகவே முடித்துவிட்டார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். அங்கே தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், நாடகத்துக்கும் சினிமாவுக்கும் என்று வரிசை வரிசையாக நம்பர் ஒதுக்கிப் பட்டியலே வெளியிட்டிருக்கிறது. லண்டன் நம்பர் வேண்டுமா, 020 7946 0000 முதல் 0999 வரை. செல்போனா, 07700 900000 முதல் 900999 வரை. கற்பனை ஊரில் கதை நடந்தால் அதற்கும் ஒரு கோடு உண்டு: 01632. நியூகாசிலின் பழைய கோடான 0632 காலியானபின், பிற்பாடு ஊர்களுக்கெல்லாம் நடுவில் ஒரு 1 சேர்த்தபோது இதற்கும் சேர்ந்து, எந்த ஊருக்கும் போகாமல் தங்கிவிட்ட கோடு அது. 2008இல் ‘டாக்டர் ஹூ’ தொடரில் உலகமே சேர்ந்து டாக்டருக்குப் போன் போடும் காட்சியில் வந்தது இந்த 07700 900 வரிசை நம்பர்தான். ரசிகர்கள் வீட்டிலிருந்து போட்டார்கள். யார் தூக்கமும் கெடவில்லை. 07700 என்பது மற்ற பிரிட்டிஷ் செல்போன் நம்பர் மாதிரியே இருப்பதால், 555 மாதிரி காதைக் குத்துவதும் இல்லை. ஆஸ்திரேலியா, பிரான்ஸ், ஜெர்மனி நாடுகளிலும் இப்படி ஒதுக்கீடு உண்டு.

இன்னொரு வழி, நம்பரைத் தயாரிப்பாளரே வாங்கிக்கொள்வது. ‘ஸ்க்ரப்ஸ்’ என்ற அமெரிக்க மருத்துவமனைத் தொடரில் டர்க் என்ற டாக்டரின் நம்பர் நிஜமாகவே வேலை செய்தது. கூப்பிட்டவர்களிடம் சில சமயம் நடிகர்களே பேசினார்கள். ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் வக்கீல் சால் குட்மேனுக்குப் போட்டவர்களுக்குப் பதிவு செய்த குரல் பதில் சொன்னது. ரசிகரின் குறுகுறுப்பை விளம்பரமாக மாற்றிக்கொண்ட சாமர்த்தியம் இது.

இந்தியாவுக்கு வருவோம். இங்கே சினிமாவுக்கென்று ஒதுக்கிய வரிசை கிடையாது. 2019இல் ‘அர்ஜுன் பட்டியாலா’ என்ற இந்திப் படத்தில் சன்னி லியோனின் பாத்திரம் சொன்ன நம்பர் டெல்லியில் ஒருவருடையதாக இருந்து, அவர் பட்ட பாடு செய்தியானது. ஐந்து வருஷம் கழித்து அதே கதை சென்னையில். ஒதுக்குவது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. விளம்பர அழைப்புக்கு 140, வங்கி போன்றவற்றின் சேவை அழைப்புக்கு 1600 என்று வரிசை பிரித்துக் கொடுத்திருக்கிறோம். 400 கோடியில் ஆயிரத்தை ஓரமாக எடுத்துவைத்து, “இது சினிமாக்காரருக்கு” என்று தொலைத்தொடர்புத் துறை ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். ஆயிரம் எதற்கு, நூறே போதும். அமெரிக்கா அதை வைத்துத்தான் ஓட்டுகிறது.

சுற்றறிக்கை வருகிற வரைக்கும் குறும்படம் எடுக்கிற தம்பி, தங்கைகளுக்கு இரண்டு வழி. ஒரு சிம் வாங்கி அந்த நம்பரைக் காட்டலாம். ஆனால் சும்மா போட்டுவைத்தால் 90 நாளில் இணைப்பு போகலாம், பிறகு நம்பர் வேறு கைக்கு மாறலாம். யூடியூபில் படம் கிடக்கிற வரை ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும், தயாரிப்புச் செலவில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வழிக்குச் செலவே இல்லை. நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்துகிறவர் இன்றைக்கு யார் இருக்கிறார்? ‘அம்மா’, ‘ஹவுஸ் ஓனர்’, ‘பால்காரர்’ என்று திரையில் பெயர் வந்தாலே காட்சி புரிந்துவிடும்.