சூத்திரத்தைக் காது எப்படிப் படிக்கும்?

ஏ கூட்டல் பி வகுத்தல் சி. யாரையாவது வாசிக்கச் சொல்லி இதை எழுதிப் பாருங்கள். பி-யை மட்டும் சி-யால் வகுப்பதா, ஏ-யையும் பி-யையும் கூட்டிவிட்டு வகுப்பதா? அச்சில் பார்ப்பவருக்கு இந்தச் சந்தேகமே வராது. பின்னத்தின் கோடு எதுவரை நீள்கிறது என்று கண் பார்த்துவிடும். பார்வையற்ற கணித மாணவருக்கோ வரிக்கு வரி இதே தொல்லை.

புனேக்காரரான டி.வி.ராமனுக்கு 14 வயதில் க்ளாக்கோமாவால் பார்வை போனது. அங்கேயே வாடியா கல்லூரியில் கணிதம், பிறகு மும்பை ஐ.ஐ.டி., அதன்பின் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம். இப்படிப்பட்டவர்களை ‘தன்னம்பிக்கை’ பக்கத்தில் போட்டு, இரண்டு சொட்டுக் கண்ணீரோடு முடித்துவிடுவது நம் பத்திரிகை வழக்கம். அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டின் கேள்வியோ அதைவிடச் சுவாரசியமானது.

பார்வையுள்ளவர் ஒரு பெரிய சூத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. ‘ஓ, இது ஒரு பின்னம்’ என்று முதலில் மொத்தமாகப் பார்க்கிறார். பிறகு தொகுதிக்குப் போகிறார், பகுதிக்கு இறங்குகிறார், குழம்பினால் திரும்பி வருகிறார். ஒலிநாடாவில் இதற்கெல்லாம் வழியில்லை. அது தன்பாட்டுக்கு ஓடும். கண்ணுக்கு உள்ள இந்தச் சுதந்திரத்தைக் காதுக்கு எப்படிக் கொடுப்பது? புத்தகங்களைப் பிறர் வாசிக்கக் கேட்டே படித்தவருக்குத்தான் இந்தக் கேள்வி இவ்வளவு துல்லியமாகத் தோன்றியிருக்க முடியும்.

விடையாக அவர் எழுதிய மென்பொருள் ‘ஆஸ்டர்’. அவருடைய வழிகாட்டி நாயின் பெயரும் அதுதான். அடுக்குக்குறி வந்தால் குரலின் சுருதி ஏறும். அணியின் (மேட்ரிக்ஸ்) உறுப்புகள் இடது ஒலிபெருக்கியிலிருந்து வலதுக்கு நகர்ந்தபடி ஒலிக்கும். நீளமான கோவை என்றால் முதலில் அதன் எலும்புக்கூட்டை மட்டும் சொல்லும். எந்தப் பகுதிக்குள் நுழைவது என்பது கேட்பவர் விருப்பம். கணினி அறிஞர்களின் சங்கமான ஏ.சி.எம். 1994-இன் சிறந்த ஆய்வேட்டுக்கான விருதை இந்த ஆய்வுக்கு அளித்தது.

இவருக்கு ஒரு முன்னோடி உண்டு. நியூயார்க்கில் பிறவியிலேயே பார்வையற்றவரான ஏப்ரகாம் நெமத்தை, கணிதம் சரிப்படாது என்று சொல்லி உளவியலுக்கு அனுப்பினார்கள். பிரெய்லில் எண்ணும் எழுத்தும் ஒரே புள்ளிகளைப் பகிர்ந்துகொள்வதால் சமன்பாடு எழுதுவது பெரும்பாடு. எண்களை ஒரு படி கீழிறக்கி அவர் அமைத்த குறியீடு 1952-இல் வெளியானது. பின்னாளில் கணிதப் பேராசிரியரும் ஆனார்.

ராமன் 2005-இல் கூகுளில் சேர்ந்தார். தொடுதிரை மொபைலில் தடவிப் பார்க்கப் பொத்தானே இல்லையே, எண்ணை எப்படி அழுத்துவது? சக பொறியாளருடன் சேர்ந்து அவர் செய்த ஏற்பாட்டில், விரல் திரையில் முதலில் எங்கே பட்டாலும் அந்த இடம் 5. மேலே நகர்த்தினால் 2, கீழே 8.