ஒட்டுண்ணிக் கொழுமியமும் உடற்காவலும்

கொழுப்பு என்னும் சொல் நம் வழக்கில் உணவுப்பொருளையும் உடற்பருமனையும், ஒரோவழிச் செருக்கையும் குறிக்கும். அறிவியலார் கொழுமியம் என வழங்கும் பொருள் இவற்றினும் விரிந்தது. உயிரணுவின் புறச்சவ்வாய் அமைவதும், அயலுயிரின் அடையாளமாய் நிற்பதும் அதுவே. ஒட்டுண்ணியின் கொழுமியம், அது குடிபுகும் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டவும் செய்யும், அடக்கவும் செய்யும். ஒரே பொருள் இவ்விரு தொழிலையும் ஆற்றுமாறு எங்ஙனம் என்பதை, லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்குவாம்.

காலா அசார் என்னும் கொடுங்காய்ச்சலுக்கு இவ்வொட்டுண்ணியே காரணம். 1903 ஆம் ஆண்டில் வில்லியம் லீஷ்மன், சார்லசு டோனவன் ஆகிய இருவரும் இதனைத் தனித்தனியே வெளிப்படுத்தினர். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் நோயுற்ற படைவீரர் ஒருவரின் மண்ணீரலில் லீஷ்மன் இதனைக் கண்டார். டோனவன் சென்னை நோயாளரிடம் கண்டார். ரொனால்டு ராசு இருவர் பெயரையும் இணைத்து லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். மணல் ஈயின் கடியால் உடல் புகும் இது, மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மச்சையிலும் பெருகும். மருத்துவம் செய்யாவிடின் பெரும்பாலும் உயிரைக் கொள்ளும்.

உடலின் காவல் இருவகைப்படும். ஒன்று நோயைக் கண்டபின் கற்றுக்கொள்வது; மற்றொன்று பிறவியிலேயே அமைந்த இயல்பு எதிர்ப்பாற்றல். பின்னையது, அயலுயிர்களுக்குப் பொதுவான சில அடையாளங்களை ஏற்பிகளால் உணர்ந்து உடனே கிளர்ந்தெழும். டோல் என்னும் ஏற்பியின் காவற்பணி 1996 இல் பழ ஈயிலும், அதனையொத்த ஏற்பியின் பணி 1998 இல் எலியிலும் தெளிவாயின. இவற்றை ஆய்ந்த ஓஃப்மனும் பாய்ட்லரும் 2011 இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

லீஷ்மேனியாவின் மேற்பரப்பை லிப்போஃபாஸ்ஃபோகிளைக்கான் என்னும் பொருள் அடர்ந்து போர்த்துள்ளது. அதன் கொழுமியப் பகுதி சவ்வில் வேரூன்றி நிற்க, சருக்கரைத் தொடர் வெளியே நீளும். டோல் 2 என்னும் ஏற்பி இதனை உணர்கின்றது. உணரவே, இயற்கைக் கொல்லணுக்கள் இன்டர்பெரான் காமாவைச் சுரந்து, பெருவிழுங்கிகள் என்னும் காவலணுக்களைக் கிளர்விக்கும். இது தூண்டல்.

அப்பொருளே ஒட்டுண்ணிக்குக் கேடயமும் ஆகின்றது. நீண்ட சருக்கரைத் தொடர், குருதியிலுள்ள அழிப்புப் புரதங்கள் சவ்வைத் துளையிடாவண்ணம் தடுக்கும். பெருவிழுங்கி ஒட்டுண்ணியை விழுங்கியபின், அதனை அடக்கிய பை செரிப்புப் பையோடு கலப்பதைத் தாழ்த்தும். ஏனைக் காவலணுக்களை அழைக்கும் இன்டர்லூக்கின் 12 சுரப்பதையும் குறைக்கும். இது அடக்கல். உள்ளே நிலைபெற்ற ஒட்டுண்ணி இந்நீண்ட போர்வையைப் பெரிதும் களைந்து, சிறு கொழுமியங்களையே மிகுதியாக மேற்கொள்ளும்.

ஒருசொல் பலபொருள் உணர்த்துங்கால், உடன்வரும் வினையும் இனமும் சார்பும் அப்பொருளைத் தெளிவிக்கும் எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்தார். கொழுமியத்தின் நிலையும் அன்னதே. எந்த உயிரணுவை, எந்தக் கட்டத்தில், எவ்வடிவில் அது சார்கின்றதோ அதற்கேற்ப அதன் விளைவு அமையும்.

ஆதலின், கலைச்சொல் ஆக்குவோர் இதனை 'எதிர்ப்பைத் தூண்டும் பொருள்' என்று மட்டும் பெயர்த்தல் பொருந்தாது. தூண்டலும் அடக்கலும் அடங்க, 'எதிர்ப்பை ஒழுங்குறுத்தும் கொழுமியம்' என்பதே தகும். இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. தூண்டும் கூறு தடுப்பூசிக்குத் துணையாகலாம். அடக்கும் கூறோ அம்முயற்சியைக் கெடுக்கலாம். ஒரு பெயர் ஒன்றை மட்டும் உணர்த்தின், தமிழில் பயிலும் மாணவர் மற்றதைக் காணாது போவர். ஒட்டுண்ணியின் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் பிறிதொரு கொழுமியத்தைப் பற்றியே ஆம்போடெரிசின் பி என்னும் மருந்து அதனை அழிக்கின்றது. மனிதவுயிரணுவிலோ அவ்விடத்தில் உள்ளது கொலஸ்டெரால். இரண்டனையும் கொழுப்பு என்னும் ஒரு சொல்லில் அடக்குவோர்க்கு, நோயைக் கொன்று நோயாளியைக் காக்கும் அவ்வேறுபாடு புலனாகாது.