மொறப்பாக்கம் கோபாலன்

ரஞ்சி கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். செங்கல்பட்டுச் சீமையின் மொறப்பாக்கத்தில் 1909 ஜூன் 6 அன்று பிறந்தவர். இனிஷியலில் முதல் எழுத்து அந்த ஊர்தான். வளர்ந்தது திருவல்லிக்கேணியில், சேப்பாக்கம் மைதானத்துக்கு நடந்தே போகிற தூரத்தில்.

அவரது வேகப்பந்து வீச்சைக் கண்டுகொண்ட வெள்ளைக்கார ஆட்டக்காரர் சி. பி. ஜான்ஸ்டன், பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கு வழிசெய்தார். ஆட்டத்துக்கே சம்பளம் என்பது வேறு நாடுகளில் இருந்தது. அமெரிக்காவில் சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் பேஸ்பால் அணி 1869-லேயே ஆட்டக்காரர்களுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்தது. இங்கிலாந்துக் கிரிக்கெட் சம்பளக்காரர்களையும் சம்பளம் வாங்காத கனவான்களையும் 1962 வரை பிரித்தே வைத்திருந்தது. சென்னையில் அப்படி ஆட்டத்துக்கென்று சம்பளம் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் தருகிற உத்தியோகம் ஒன்று அமைந்தால்தான், வசதியில்லாத வீட்டுப் பையன் தொடர்ந்து பந்து போட முடியும்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார்: ஒரு விக்கெட், 18 ரன். அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ஆட்டத்தில் ரஞ்சி கோப்பை பிறந்தது. மைசூர் 48, சென்னை 130, மறுபடி மைசூர் 59. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட் சாய்க்க, பொழுது சாய்வதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது.

கோபாலன் ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1935-இல் தியான் சந்த் அணியோடு நியூசிலாந்து போனார். சிக்கல் மறு ஆண்டு வந்தது. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கித் தேர்வுக்கு அழைப்பு ஒரு கையில், இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணம் மறு கையில். கோபாலன் கப்பலேறியது இங்கிலாந்துக்கு. ஹாக்கி அணி இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று நொறுக்கித் தங்கம் வென்றது. விஜயநகரம் இளவரசர் தலைமையில் கோஷ்டிப் பூசலில் கிடந்த கிரிக்கெட் அணியோ, மூன்று டெஸ்டிலும் கோபாலனை இறக்கவே இல்லை. பதக்கத்தைக் கோட்டைவிட்டவர் என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். அழைத்துப் போய் வெளியே உட்காரவைத்தவர்களைக் கேட்பார் இல்லை.

பின்னாளில் அவர் தேசியத் தேர்வாளரானார். 1964-இல் பத்மஸ்ரீ வந்தது. 1952-53 முதல் சென்னையும் இலங்கையும் மோதிய போட்டிக்கு அவர் பெயரில் கோப்பை வைக்கப்பட்டது. டெஸ்ட் தகுதி கிடைக்காத காலத்தில் இலங்கை ஆட்டக்காரர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. கோபாலன் 2003 டிசம்பர் 21 அன்று சென்னையில் காலமானார்.